மஜீது உடம்பு தேறிய விதம்

காசநோய் மஜீதை விட்டுப் போனபோது அவன் உடம்பில் கால் பங்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டான். வாரத்தில் மூன்று நாள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய், நர்ஸம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாத்திரைகளை விழுங்கிவிட்டு வருவான். கடைசியாகச் சளியைச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்றார்கள். அன்று எடை மெஷினில் ஏறி நின்றபோது முள் நாற்பத்து நான்கில் நின்றது. நோய் வருவதற்கு முன்னால் அவன் ஐம்பத்தெட்டு கிலோ.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மஜீது தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் லோடுமேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளில் சர்க்கரையும் அரிசியும் ஏற்றுகிற வேலை. மற்றவர்கள் இரண்டு பேர் கைகொடுத்து முதுகில் ஏற்றிக்கொள்கிற மூட்டையை அவன் தனியாகவே ஒரு உதறு உதறி ஏற்றிக்கொள்வான். முப்பத்தாறு வயதுவரைக்கும் தன் உடம்பைப் பற்றி அவன் யோசித்ததே கிடையாது. பசித்தால் சாப்பிடுவான், படுத்தால் தூங்குவான்.

மருந்து முடிந்த மறுநாளே குடோனுக்குப் போய் நின்றான். மேஸ்திரி மாரியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனுஷன், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர்.

"மூட்டைய நீ தூக்க மாட்டே மஜீது. அதுதான் உன்னத் தூக்கிக்கினு பூடும். வூட்டுக்குப் போயி உடம்பத் தேத்திக்கினு வா. உன் எடம் எங்கியும் போவாது."

மஜீது வீட்டுக்கு வந்து இதைச் சொன்னான். அவன் மனைவி அஜீசுன்னிசா அதைத் தனக்கு இட்ட வேலையாகவே எடுத்துக்கொண்டாள்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ஒரே அறை, சமைக்க ஒரு மூலை. இன்னொரு மூலையில் அஜீசுன்னிசாவின் தையல் மெஷின். அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் தைத்ததுதான். புருஷன் படுத்திருந்த மாதங்களில் அந்த மெஷின்தான் குடும்பத்தை ஓட்டியது. இப்போது அவள் கூடுதலாகத் துணி வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். வந்ததெல்லாம் அடுப்புக்குப் போயிற்று.

காலையில் நெய் ஊற்றிப் பிசைந்த சாதம், இரண்டு வாழைப்பழம், சர்க்கரை தூக்கலாகப் போட்ட பால். பத்து மணிக்குப் பேரீச்சம்பழம். மத்தியானம் கறியோ மீனோ, அதன்மேல் மறுபடி நெய். சாயங்காலம் கீழே டீக்கடையிலிருந்து பஜ்ஜி. ராத்திரி பரோட்டாவும் பாயாவும். மஜீதின் தட்டில் அடி தெரியவே விடமாட்டாள்.

"போதும் அஜீ."

"இன்னா போதும்? எலும்பு எண்ணிக்கலாம் போல கீது. துன்னுங்க."

அவனுக்கும் பசி திரும்பியிருந்தது. நோயின்போது எதுவும் இறங்காமல் கிடந்த வாய். ஆகவே சாப்பிட்டான், ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தில் தெரிகிற துறைமுக கிரேன்களைப் பார்த்தான், தூங்கினான், எழுந்து மறுபடி சாப்பிட்டான். எந்த வேலையும் செய்ய அவள் விடவில்லை. படி இறங்கிப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தால்கூடக் கோபித்துக்கொண்டாள்.

கன்னம் உப்பியது. கழுத்தெலும்பு மறைந்தது. கீழ்வீட்டு ரஹீமுன்னிசா படியில் பார்த்துவிட்டு, "இன்னா பாய், புது மாப்ள மாதிரி கீறீங்க!" என்றாள். அன்று முழுக்க அஜீசுன்னிசா மெஷினை மிதித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மாதம் போனபின் அவன் ஐம்பத்து மூன்று கிலோ. பழைய எடைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. மஜீது பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு குடோனுக்குக் கிளம்பினான். வயிற்றுப் பக்கம் பொத்தான் போட முடியவில்லை. திறந்தே விட்டுக்கொண்டான்.

குடோனில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவனுடைய தோஸ்து சண்முகவேல் கட்டிப் பிடித்துக்கொண்டான். மாரியப்பனுக்கும் சந்தோஷம். "வா வா, ஒண்ணு தூக்கிப் பாரு" என்றார்.

சர்க்கரை மூட்டை. இரண்டு பேர் தூக்கி முதுகில் வைத்தார்கள். மஜீது ஓரடி வைத்தான். இரண்டாவது அடி வைக்கும்போது முழங்கால் துணி மாதிரி மடங்கியது. சண்முகவேல் பாய்ந்து மூட்டையைத் தள்ளிவிடாமல் இருந்திருந்தால் அது அவன் கழுத்தில் விழுந்திருக்கும். மூட்டை கிழிந்து சர்க்கரை தரையில் கொட்டியது. மஜீது அதன் நடுவில் மண்டியிட்டு, எழுந்திருக்கத் தெரியாதவன் போல அப்படியே இருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு அவன் சொன்னான். மாரியப்பன் அவன் தோளில் கை வைத்து, "வயிறு வந்துட்ச்சி மஜீது, வலு வர்ல. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றார்.

தண்டையார்பேட்டையிலிருந்து கல்மண்டபம்வரைக்கும் நடந்தே வந்தான். வீட்டில் அஜீசுன்னிசா நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தாள். முதல் நாள் வேலைக்குப் போனவனுக்கான விருந்து. அவன் தட்டை ஒதுக்கினான்.

"இன்னாத்துக்கு இத்தினி நெய்யக் கொட்டிக்கினே கீறே? உன் சோறுதான் என்னக் கவுத்து வுட்ச்சி. பாரு, தொப்பைய! இத்தத் தூக்கறதுக்கே ஒரு ஆளு வேணும்."

அஜீசுன்னிசா சோற்றைப் பாத்திரத்தில் திருப்பிக் கொட்டிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் தைத்த ரவிக்கையில் கை மாறிப்போய், அடுத்த நாள் பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது.

அதற்கப்புறம் மஜீது வேறு வழியில் போனான். தொப்பை கரையவேண்டும் என்று கஞ்சியை மட்டும் குடித்தான். ஒரு வாரத்தில் தலை சுற்றியது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நோய் திரும்ப வந்துவிட்டதோ என்று இருவருக்கும் உள்ளுக்குள் பயம். ஆனால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை. பயத்தையும் சொல்லிக்கொள்ளவில்லை.

பேச்சைத் தொடங்கியவள் அஜீசுன்னிசாதான். காக்கிச் சட்டையை வயிற்றுப் பக்கம் பிரித்து அகலமாக்க வேண்டும் என்று இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு வருஷக்கணக்காகச் சட்டை தைத்தவள். அளவெல்லாம் மனப்பாடம். இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். ஐந்து இஞ்ச் கூடியிருந்தது. மார்பை அளந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, புஜத்தையும் அளந்தாள். டேப்பை இறுக்கி ஒருமுறை, தளர்த்தி ஒருமுறை.

"கையி பழசுக்கு ரெண்டு இஞ்ச் கம்மியா கீது" என்றாள். டேப்பை விரலில் சுருட்டினாள். "நான் போட்டதெல்லாம் ஒரே எடத்துல போயி குந்திக்கினு கீதுங்க."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் மஜீதுக்குத் தன் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ராயபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. வாரத்தில் ஒருநாள் அங்கே மாயா என்கிற பெண் வந்து, யார் என்ன சாப்பிடலாம் என்று சொல்லுவாள். சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் பெரும்பாலும் அவளிடம் வருவார்கள். உடம்பு ஏற வேண்டும், ஆனால் தொப்பை வேண்டாம் என்று வந்து நின்றவர்களை அவள் அதிகம் பார்த்திருக்கமாட்டாள். இவர்கள் இருவரும் போனபோது ஆர்வமாக உட்காரவைத்துப் பேசினாள். காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டார், என்னென்ன வேலை செய்தார் என்று கேட்டாள். முதல் கேள்விக்கு அஜீசுன்னிசா நீளமாகப் பதில் சொன்னாள். இரண்டாவது கேள்விக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

"முதல்ல ஏறுனது வீண் இல்லம்மா" என்றாள் மாயா. "நோய்ல அவ்வளவு இளைச்ச உடம்புக்குக் கொஞ்சம் கொழுப்பும் வேணும். நீங்க சோறு போடலன்னா இவர் இப்படி உக்காந்து பேசியிருக்க மாட்டார். ஆனா அந்தக் கட்டம் தாண்டியாச்சு. வீட்ல சும்மா இருக்கிற நாள்ல இவர் உடம்பு செலவு பண்றது ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு கலோரி. நீங்க சொல்றதைக் கூட்டிப் பார்த்தா உள்ள போனது மூவாயிரம். மிச்சத்தை உடம்பு என்ன பண்ணும்? தசையா மாத்தணும்னா அதுக்கு வேலை குடுக்கணும். வேலை குடுத்தாலும் தசை மெதுவாத்தான் வளரும். அவசரமா கொட்டினா கொழுப்பாத்தான் சேரும்."

"அப்ப கஞ்சி குட்ச்சது?" என்று கேட்டான் மஜீது.

"அதுவும் தப்புதான். செலவை விடக் குறைச்சலா சாப்பிட்டா, இருக்கிற தசையும் கரையும். செலவுக்கு மேல கொஞ்சமே கொஞ்சம் போகணும். ஒரு முந்நூறு கலோரி."

"முந்நூறுன்னா எவ்ளோ?" என்றாள் அஜீசுன்னிசா.

"ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை."

"அவ்ளோதானா? கொயந்தகூட அத்தத் துன்னுமே!"

மாயா சிரித்தாள். வயிறு நிறையச் சாதாரணச் சாப்பாடு, அதோடு ஒவ்வொரு வேளையும் மீனோ முட்டையோ பருப்போ ஏதாவது ஒன்று, நெய் ஒரு ஸ்பூனோடு சரி, எடை இரண்டு வாரத்துக்கு அரைக் கிலோ ஏறினால் போதும் என்றாள். அஜீசுன்னிசாவிடம் டேப் இருப்பது தெரிந்ததும், "அது எடை மெஷினை விட நல்லது. எடை ஏறும்போது இடுப்பு ஏறாம கை ஏறுதான்னு பாருங்க" என்றாள். அப்புறம்தான் வேலையைப் பற்றிப் பேசினாள். குடோனுக்கு நேராகப் போகக்கூடாது, வீட்டிலேயே சின்னதாக எடை தூக்கிப் பழக வேண்டும்.

"தண்ணி எங்கிருந்து எடுக்கறீங்க?"

"கீய தெருப் பம்புல" என்றாள் அஜீசுன்னிசா. "லாரி வந்தா லாரில."

"யார் தூக்கிட்டு வர்றது?"

"நான்தான். ரெண்டு மாடி. அவருக்கு முடியாதுல்ல?"

மாயா அவளைப் பார்த்தாள். அதுவரை மாயாவின் கவனமெல்லாம் மஜீதின் உடம்பில்தான் இருந்தது. "நீங்க கொஞ்சம் மெஷின்ல ஏறுங்க" என்றாள்.

"நான் இன்னாத்துக்கு? நோயி அவுருக்கு."

"சும்மா ஏறுங்க."

முப்பத்தெட்டு.

மஜீது எட்டிப் பார்த்தான். மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று அவன் முதலில் நினைத்தான். அஜீசுன்னிசா அவசரமாக இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

"நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று மாயா கேட்டாள்.

"மீந்தது" என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மஜீது சாப்பிட்டு முடித்தபிறகு பாத்திரத்தில் என்ன இருக்கிறதோ அது. சில நாள் டீயும் பன்னும். நாள் முழுக்க மெஷின் மிதிக்கிறாள், குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றுகிறாள். கூடுதல் துணி தைத்துக் கிடைத்தது அத்தனையும் ஒரே தட்டுக்குப் போயிருந்தது.

மஜீதுக்குத் தன் வயிற்றைத் தொடவே கூசியது. இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். மாடிப்படி ஏறும் இடத்தில் நின்று, "ஏன் சொல்லல?" என்றான்.

"இன்னான்னு சொல்றது? நீங்க துன்னாத்தான எனக்கு உசுரு நிக்கும்."

அன்று சாயங்காலம் அவன் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். பம்பைச் சுற்றி முழுக்கப் பெண்கள். ரஹீமுன்னிசா, "இன்னா பாய், எங்க லைன்ல வந்து நிக்கிறீங்க? அஜீசு எங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். காது சுட்டது. ஆனாலும் நின்றான். முதல் நாள் அரைக்குடம். முதல் மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான். மேலே கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அஜீசுன்னிசா இறங்கி வரப் பார்த்தாள். "வராதே" என்று கையைக் காட்டினான்.

ஒரு வாரத்தில் முழுக்குடம். அப்புறம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. சண்முகவேல் ஞாயிற்றுக்கிழமை வந்து, சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பித் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் கால் சாக்கு. அதை முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான் மஜீது. வாரா வாரம் சண்முகவேல் கொஞ்சம் மணலைச் சேர்ப்பான்.

சாப்பாட்டில்தான் அஜீசுன்னிசாவுக்குக் கஷ்டம். நெய் டப்பாவை எடுத்து ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டுக் கை தானாக இரண்டாவதற்குப் போகும். மஜீது தட்டை இழுத்துக்கொள்வான். இன்னொரு விஷயத்திலும் அவன் பிடிவாதமாக இருந்தான். அவள் தட்டையும் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால்தான் கையைச் சோற்றில் வைப்பான். முட்டை அவிந்தால் அவளுக்கும் உண்டு. காசிமேட்டிலிருந்து மத்தி வந்தால் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட அவளை விடமாட்டான்.

"எனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ?"

"எனக்கு நீ சொல்வியே அதேதான். துன்னு."

முதல் மூன்று வாரம் எடை மெஷின் அசையவே இல்லை. மஜீது மனம் சோர்ந்துவிட்டான். அஜீசுன்னிசா டேப்பைப் போட்டுப் பார்த்து, "மெஷினு கெடக்குது வுடுங்க. இடுப்புல ஒரு இஞ்ச் எறங்கிக்கீது, கையில கால் இஞ்ச் ஏறிக்கீது" என்றாள். வலது கையைத் தானும் தொட்டுப் பார்த்தான். நிஜமாகவே ஏதோ கெட்டியாக இருந்தது.

பிறகு எடை மெல்ல நகர ஆரம்பித்தது. மெல்ல என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சமயம் சீக்கிரம் ஏறட்டும் என்று சண்முகவேலோடு சேர்ந்து தினமும் சாயங்காலம் கடையில் பரோட்டாவும் சால்னாவும் அடித்தான். வீட்டில் சொல்லவில்லை. அடுத்த அளவெடுப்பில் டேப் இடுப்பில் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அஜீசுன்னிசா நிமிர்ந்தாள்.

"எந்தக் கடை?"

"இன்னா எந்தக் கடை?"

"நான் போட்ட சோறு இல்ல இது. எந்தக் கடைன்னு சொல்லுங்க."

மஜீதுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். அவர்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் மாரியப்பன் அவனை அரை நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதலில் சின்ன மூட்டைகள். மஜீதால் முடிந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் எடை ஒரு கிலோ இறங்கிவிட்டது. அஜீசுன்னிசா பதறிப்போய் மாயாவிடம் ஓடினாள், நோய் திரும்பிவிட்டதா என்று. டாக்டர் சளியைச் சோதித்தார். ஒன்றுமில்லை.

"வேலைக்குப் போறார்ல?" என்றாள் மாயா. "செலவு ஏறிப்போச்சும்மா. சாப்பாடு பழைய அளவுலயே இருக்கு. வீட்ல இருந்தப்ப போட்டது இப்ப பத்தாது. செலவு எவ்வளவோ அதுக்கு மேல கொஞ்சம், அதுதான் கணக்கு. செலவு மாறினா சோறும் மாறணும்."

"அப்ப இப்ப நெறையப் போடலாமா?" அஜீசுன்னிசாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து மாயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போடுங்க. ஆனா டேப்பைக் கேட்டுக்கிட்டுப் போடுங்க."

மறுநாளிலிருந்து தூக்குச் சட்டியில் சோறு கூடியது. வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று தனியாகப் போயிற்று. சண்முகவேல் அதில் பாதியைத் தின்றுவிடுகிறான் என்று தெரிந்ததும் அவனுக்கும் சேர்த்து வறுத்துக் கொடுத்தாள்.

தை மாதத்தில் ஒருநாள் மஜீது முழு மூட்டை தூக்கினான். இரண்டு பேர் கைகொடுத்துத்தான் ஏற்றினார்கள். தனியாக உதறி ஏற்றிக்கொள்கிற பழைய வித்தை திரும்ப வரவில்லை, பிறகும் வரவே இல்லை. மூச்சு அந்த அளவுக்கு நிற்கவில்லை. ஆனால் முழங்கால் நின்றது. லாரியின் பலகைமேல் ஏறி, மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினான். மாரியப்பன் அடுத்த மூட்டையைக் காட்டினார். மஜீதுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்போது அவன் எடை ஐம்பத்தாறு. பழைய காக்கிச் சட்டையை இனிமேல் பிரிக்க வேண்டாம் என்று ஆயிற்று. அஜீசுன்னிசாவுக்குத்தான் புது ரவிக்கைகள் தேவைப்பட்டன. மாயாவின் மெஷின் அவளுக்கு நாற்பத்தைந்து காட்டியது.

மூட்டை வேலை அதற்குப் பிறகு அதிக வருஷம் ஓடவில்லை. கண்டெய்னர்கள் வந்து, குடோனில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் மாரியப்பன் வேலையை விட்டபோது, சரக்கு எண்ணிச் சரிபார்க்கிற இடத்தில் மஜீதை வைத்துவிட்டுப் போனார். தூக்குகிற வேலை இல்லை, நின்று பார்க்கிற வேலை. முதல் மாதத்திலேயே அஜீசுன்னிசா சாதத்தை ஒரு கரண்டி குறைத்தாள். மஜீது முகத்தைச் சுளித்தான், ஆனால் கேட்கவில்லை. தெருப் பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது மட்டும் கடைசிவரை அவன் வேலையாகவே இருந்தது. ரஹீமுன்னிசாவின் புருஷனும் வேறு இரண்டு ஆண்களும் இப்போதெல்லாம் அந்த வரிசையில் நின்றார்கள். தண்ணீர் லாரி தாமதமாக வருகிற நாட்களில் அவர்கள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.